வியாழக்கிழமை, ஆறிலிருந்து எட்டு

பலகையில் ‘சுசி’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.
சுத்தம் என்று பொருள்கொண்டு
திறந்த கிழமையே உள்ளே வந்து
செருப்பைக் கழற்றிவைத்து
இரண்டு தோசை கேட்டாராம்
இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர்.
மீன் மணமே இல்லாத கடை,
கடைசிவரை அவருக்குச் சந்தேகம் வரவில்லை.
வெள்ளரிக்காய் வைத்து உருட்டிக் கொடுத்தேன் என்கிறான்
தயாபரன்.

கந்தர்மடத்தில் பழைய சைக்கிள் கடை.
சுவரில் இன்னும் ரியூப் ஒட்டிய கறுப்புக் கறை.
ஏழு கதிரை, ஒன்று ஆடும்.
ஸ்காபரோவில் பதினொரு வருடம்
கொரியாக்காரர் நடத்திய ஜப்பான் கடையில்
யாழ்ப்பாணத்தான் வெட்டிய மீனை
சீனர்கள் வரிசையில் நின்று சாப்பிட்டார்களாம்.
இதைச் சொல்லும்போது மட்டும்
கத்தி கொஞ்சம் நிற்கும்.

மகளை இரசாயனவியல் வகுப்பில் இறக்கிவிட்டு
எட்டு மணிவரை நான்
நல்லூரில் நிற்பதாக வீட்டில் கணக்கு.
கந்தனுக்குத் தெரியும்,
அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு எடுக்கும் பச்சையரிசி, வினாகிரி,
விடியப் பாசையூர் ஏலத்தில் எடுத்த சூரை.
முதல்நாள் அந்தக் கறுப்புத் தாளைக் கண்டு
“சாதாளையோ?” என்றேன்.
“ஓம் அக்கா.
வலையில வந்தா உதறி எறியிறம்,
பெட்டியில வந்தா காசு குடுக்கிறம்.”

கொழும்பிலிருந்து வசாபி வராத கிழமை
முருங்கை வேரை அரைத்துவைப்பான்.
மூக்குக்குப் பின்னால், நெற்றிக்குள் எங்கோ
ஒரு கதவு அடித்துச் சாத்தும்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
அடுத்ததை எடுப்பேன்.
தனியே ஒரு பெண் கடையில் இருந்தால்
“பாசலோ?” என்று கேட்கிற ஊர்.
மூலையில் அந்த ஆடும் கதிரை
ஏறக்குறைய எனக்கென்றே ஆகிவிட்டது.

போன வியாழன் ஏழு பத்துக்கு
கரண்ட் போனது.
ஐஸ் பெட்டியைத் திறந்து, கைபேசி வெளிச்சத்தில்
ஒவ்வொரு துண்டாக விரலால் தொட்டுப் பார்த்தான்.
சபைக்கு எடுத்தால் பத்து மணியாகுமாம்.
கத்தியோடு றோட்டுக்கு இறங்கிவிட்டான்.
“வாங்கோ, காசு வேண்டாம்!
கெதியா வந்து சாப்பிடுங்கோ!”
கத்தியைக் கண்டு இரண்டு பேர் ஓடிப்போனது உண்மை.

மருந்துக்கடைப் பெடியன் வந்தான்.
ஆட்டோக்கார எமில் வந்தார்.
“குருநகரில பிறந்தனான் தம்பி,
மீனைப் பச்சையாத் தின்னெண்டு
ஒருதரும் எனக்குச் சொன்னதில்லை.
பொரிச்சுத் தாவன்.”
ஒன்று தின்றார், பேசவில்லை.
அடுத்ததில் சோற்றை விட்டு
மீனை மட்டும் எடுத்தார்.

வகுப்பிலும் இருட்டு,
பிள்ளைகளை விட்டுவிட்டார்கள்.
வாசலை அடைத்து நின்ற வெளிச்சங்களில் ஒன்று
என் முகத்தில் வந்து நின்றது.

வாய் நிறையச் சோறும் மீனும்,
கையில் இரண்டு தடி.
சுசியைக் கடித்து இரண்டாக்கக்கூடாது
என்று சொல்லித்தந்தவனை
அந்த நிமிடம் வெறுத்தேன்.
யதுர்சனா காத்திருந்தாள்,
இந்தப் பொறுமையை வீட்டில் நான் கண்டதில்லை.
“பூசை முடிஞ்சுதோ?” என்றாள். பிறகு,
உள்ளே காலே வைக்காமல்,
“அம்மா, அந்தக் கதிரை ஆடும்,
மற்றதில இருங்கோ.”

விழுங்கினேன்.
செவ்வாய்க்கிழமை பௌதிகவியல்.
செவ்வாய்க்கிழமை அவள் பஸ்ஸில் வருவாள்,
சில நாள் பிந்தும்.
தயாபரன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல்
துடைத்த பலகையையே
திரும்பவும் துடைத்தான்.
என் கையிலிருந்து தடிகளை வாங்கி
கடைசிக் கணவாயை எடுத்தாள் மகள்,
ஒரு சோறு சிந்தாமல்.

ஸ்கூட்டியில் பேச்சில்லை.
ஊரெல்லாம் இருட்டு,
கோயிலில் மட்டும் வெளிச்சம்.
“நிப்பாட்டுங்கோ” என்றாள்.
மச்சம் தின்ற வாய், உள்ளே போகேலாது என்றேன்.
“உள்ளுக்கு ஆர் போகச் சொன்னது?
வீதியில ஒரு நிமிசம் நிப்பம்.
நிண்டது நிண்டதுதானே.”

மணல் இன்னும் சுட்டது.
அவள்தான் நேரம் பார்த்தாள்.